போருக்குப் போய்த் திரும்பாத எளிய சிப்பாயைத் தேடிப் பிடித்து நினைவுகூர்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

"எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் பட்டாளத்துக்குப் போனாராம். திரும்பி வரவே இல்லையாம்." வேலூர், திருவண்ணாமலை, செங்கல்பட்டு, திருநெல்வேலி பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு வரி இருக்கிறது. எந்தப் போர், எந்த நாடு, என்ன வேலை என்று அதற்கு மேல் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு பெயர், ஒரு எண், ஒரு தேதி, ஓர் இடம் என்று போய்ச் சேர முடியும். எல்லாருக்கும் முடியாது, ஆனால் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேருக்கு முடியும்.

முதல் உலகப் போரில் அன்றைய இந்தியப் படையைச் சேர்ந்த 74,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சுமார் 87,000 பேர். அதிகாரி இறந்தால் பேர் சொல்ல ஒரு படம், ஒரு புத்தகம், ஒரு சாலைப் பெயராவது மிஞ்சும். கூலி வேலையை விட்டுவிட்டுச் சம்பளத்துக்காகக் கையெழுத்துப் போட்ட இருபது வயதுப் பையனுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே நாம்தான் தேட வேண்டும்.

தேடுமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் தளபதிகள் இந்தியர்களைப் 'போர்க்குணம் உள்ள இனம்', 'இல்லாத இனம்' என்று பிரித்தார்கள். 1880களில் மதராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இதில் முக்கியமான ஆள். அதன்பின் தென்னிந்தியக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பாலம் கட்டும் சாப்பர், சாலை போடும் பயனியர், சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர் என்ற இடங்களில்தான் தமிழர்கள் நிறைய சேர்ந்தார்கள். உங்கள் பெரிய தாத்தா துப்பாக்கி ஏந்திய சிப்பாய்தான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு தேடினால் அவர் அகப்படாமலே போகலாம்.

1. முதலில் வீட்டுப் பெட்டியைத் திறங்கள்

இணையத்துக்குப் பிறகு போகலாம். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் முதல் வேலை அவரோடு உட்காருவதுதான். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "அப்போ உங்கம்மா பிறந்திருந்தாங்களா?", "அவர் பொண்டாட்டிக்குப் பென்ஷன் வந்துச்சா? எந்த ஊர்ல போய் வாங்குவாங்க?" என்று கேளுங்கள். பென்ஷன் வாங்கிய ஊர் தெரிந்தால் தாலுக்கா தெரிந்துவிடும். பர்மா, பாஸ்ரா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று ஒரு சொல் வாயில் வந்தாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பொருட்கள். முதல் உலகப் போரின் பதக்கம் ஒன்று கிடைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பதக்கத்தின் முகத்தில் பெரும்பாலும் ராஜா தலைதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதன் விளிம்பில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிலும் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் பொடி எழுத்தில் பதித்திருப்பார்கள். பதவி ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும்: 'எஸ்.பி.ஆர்' என்றால் சாப்பர், 'எஸ்.இ.பி' என்றால் சிப்பாய், 'டி.வி.ஆர்' என்றால் வண்டியோ விலங்கோ ஓட்டியவர். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பொதுவாக வெள்ளி. உங்கள் கையில் இருப்பது வெண்கலமாக இருந்தால் அவர் தொழிலாளர் படையிலோ அதுபோன்ற துணைப் பணியிலோ இருந்திருப்பார் என்று கொள்ளலாம்.

தயவுசெய்து அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விளிம்பு எழுத்து ஆழமில்லாதது. பளபளப்பு வரும்போது பெயர் போய்விடும்.

சில வீடுகளில் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமான வெண்கலத் தகடு ஒன்று இருக்கும். கையில் திரிசூலத்தோடு ஒரு பெண், பக்கத்தில் சிங்கம், செவ்வகக் கட்டத்துக்குள் ஒரு பெயர். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு கொடுத்தது அது. பதவி எதுவும் போடாமல் வெறும் பெயரை மட்டும் அதில் பதித்தார்கள். பழைய பித்தளை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

2. பெயரை ஆங்கிலக் குமாஸ்தாவின் காதால் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் நின்றுபோகும் இடம் இதுதான். உதாரணத்துக்கு நம் ஆள் பெயர் முனுசாமி, அப்பா பெயர் சின்னப்பன் என்று வைத்துக்கொள்வோம். ஆள் எடுக்க வந்த குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதினார். முனிசாமி, முனுஸ்வாமி, மூனூசாவ்மி, மன்னுசாமி, எதுவாகவும் இருக்கலாம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'சாமி'யை 'சாவ்மி' என்பதுபோல எழுதுவது சர்வ சாதாரணம். ழகரம் இருந்தால் இன்னும் சிக்கல். பழனி ஒரு பதிவேட்டில் லகரத்தோடும், இன்னொன்றில் 'இஸட்' எழுத்தோடும் இருப்பார்.

ஆகவே ஒரு தாளில் ஏழெட்டு விதமாக எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். திருநெல்வேலி 'டின்னவெல்லி', தஞ்சாவூர் 'டாஞ்சூர்', திருச்சி 'ட்ரிச்சினாபொலி', காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்', செங்கல்பட்டு 'சிங்கிள்புட்'. மாவட்டமும் அன்றைய மாவட்டம்: இன்றைய ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை எல்லாம் அப்போது வட ஆற்காடு.

3. படைப்பிரிவை ஊகியுங்கள்

பதக்கம் இல்லையென்றால் ஊகிக்கத்தான் வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. இன்றும் அந்தப் படையினரைத் 'தம்பி' என்றுதான் ராணுவத்தில் கூப்பிடுவார்கள். முதல் போர் என்றால் 61, 64, 81ஆம் பயனியர் படைகள், கர்நாடிக் பெயர் தாங்கிய காலாட்படைகள், 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் பிரிட்டிஷார் மோசமாகத் தோற்ற சண்டையில் 61ஆம் பயனியரும் பாளையங்கோட்டைப் படையும் இருந்தன. தென்மாவட்டக் குடும்பத்தில் 'ஆப்பிரிக்கா' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம். இரண்டாம் போர் என்றால் மதராஸ் ரெஜிமென்ட், சர்வீஸ் கோர், பயனியர் கோர் என்று பட்டியல் நீளும்.

4. ஆணையத்தின் தேடுபொறி

1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இரு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் பெயர்ப் பதிவை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் பணியில் இருக்கும்போது இறந்தவர்கள் இதில் அடக்கம். குண்டு பட்டுத்தான் செத்திருக்க வேண்டும் என்றில்லை. காலரா, மலேரியா, விபத்து என எதில் இறந்திருந்தாலும் சேர்த்தி.

தேடும்போது நம் ஆட்களின் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட வேண்டும். ஒற்றைப் பெயர்காரர்களை அவர்கள் அங்கேதான் போட்டிருக்கிறார்கள். முதல் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். எந்தப் படை என்ற இடத்தில் 'இந்தியப் படை', எந்தப் போர் என்பது, அவ்வளவு போதும். பெயரை முழுதாக அடிக்காமல் தொடக்கத்தை மட்டும் அடித்தால் எழுத்துக் குழப்பம் பாதி குறையும். வரும் பட்டியலில் 'கூடுதல் விவரம்' என்ற இடம்தான் உயிர். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுக்கா, இன்ன மாவட்டம் என்று பல பதிவுகளில் இருக்கும். அப்பா பெயரும் ஊரும் இரண்டும் பொருந்தினால் அவர் உங்கள் ஆள். ஒன்று மட்டும் பொருந்தினால் பொறுங்கள். வட ஆற்காட்டில் முனுசாமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆசைக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளக் கூடாது.

5. "கல்லறை எங்கே?" என்ற கேள்வி

இந்துவாக இருந்தால் பெரும்பாலும் கல்லறை இருக்காது, தகனம் செய்திருப்பார்கள். அவர்களுக்குத் தனியாகத் தகன நினைவிடங்கள் உண்டு. இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்திலும், இம்பாலிலும், கோஹிமாவிலும் அப்படி இருக்கின்றன. முஸ்லிம், கிறிஸ்தவச் சிப்பாய்களுக்குத் தனிக் கல் இருக்க வாய்ப்பு அதிகம். உடல் கிடைக்காதவர்களின் பெயர் பெரிய நினைவுச் சுவர்களில் இருக்கும்: பிரான்சில் நூவ் ஷப்பேல், சிங்கப்பூரில் கிராஞ்சி, மியான்மரில் டவுக்கியான், டெல்லியில் இந்தியா கேட். 1931இல் திறந்த இந்தியா கேட்டில் 13,000 பேருக்கு மேல் பெயர் வெட்டியிருக்கிறது. எல்லா இந்தியச் சிப்பாய்களும் அதில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கன் போரிலும் இறந்தவர்கள்தான் அதில் இருக்கிறார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். இரண்டாம் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்களின் கற்கள் அங்கே இருக்கின்றன. ஜெனரலுக்கும் கூலிக்கும் ஒரே அளவுக் கல் என்பது ஆணையத்தின் கொள்கை. நேரில் பார்த்தால்தான் அந்தக் கொள்கையின் மதிப்பு புரியும்.

ஆனால் அந்தக் கொள்கையை அவர்களே எல்லா இடத்திலும் காப்பாற்றவில்லை. இராக்கில், பாஸ்ரா நினைவிடம். மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்து கல்லறை தெரியாத 40,000 பேருக்கு மேல் அதில் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் படைவீரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. தொறு (மாட்டு மந்தை) மீட்கும் சண்டையில் இறந்த வீரனுக்காக நட்டது. அவனோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாய்க்கு உருவமும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயரை விடாமல் எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் பாஸ்ராவில் எண்ணிக்கையாக்கினார்கள். இந்த வழிகாட்டி முழுக்க நான் பெயர், பெயர் என்று அடித்துக்கொள்வது இதனால்தான்.

பாஸ்ராவில் எண்ணிக்கையானவர்களுக்கும் பதிவேட்டில் பெயர் உண்டு. இணையத்தில் தேடினால் வரும்.

6. எங்குமே பெயர் இல்லையென்றால்

மனம் தளர வேண்டாம். ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத வகையில் நினைவுகூரப்பட்டதாகவும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ அறவேயோ விடுபட்டதாகவும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. விடுபட்ட பெயரைச் சேர்க்க இன்றும் விண்ணப்பிக்கலாம். படையில் இருந்ததற்கும், மேலே சொன்ன தேதிகளுக்குள் இறந்ததற்கும் ஆவணம் வேண்டும். பணியிலிருந்து விடுவித்த பிறகு இறந்திருந்தால், பணியில் வந்த காயமோ நோயோ காரணம் என்று காட்ட வேண்டும்.

அந்த ஆவணத்துக்கு எங்கே போவது? பழைய பென்ஷன் தாள், மணியார்டர் துண்டு, சர்ச் பதிவேடு எதுவும் உதவும். எண் தெரிந்தால் படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள்: சாப்பர் என்றால் பெங்களூர், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கடிதத்தை எப்படி, யாருக்கு எழுதுவது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ஒரு வழி, ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும்.

ஊரையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முதல் போருக்குப் பிறகு 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குச் சென்றார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள்' என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் பல கிராமங்களில் வைக்கப்பட்டது. சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூடிப்போய், பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடித் தூணிலோ இருக்கக்கூடும். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்லுவார்கள். அங்கே வீட்டுக்கு வீடு பட்டாளக் கதை உண்டு. உங்கள் ஊர்க் கல்லில் எண்ணிக்கை இருந்தால், அந்தக் கணக்குக்குப் பெயர் கண்டுபிடிப்பதே நல்ல பள்ளிக்கூடத் திட்டம்.

இன்னொன்று. மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்து, பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்த தமிழ் இளைஞர்களை ஆணையத்தின் பட்டியலில் தேடிப் பயனில்லை. சிங்கப்பூரில் அவர்களுக்காக 1945இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே இடித்தார்கள். 1995இல் அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு பலகை வைத்தது. இந்த வகைத் தேடலுக்கு மலேசிய உறவினர்கள்தான் முதல் வழி, மணிப்பூர் மொய்ராங்கில் உள்ள அருங்காட்சியகம் இன்னொன்று.

7. அவர் இறந்த நாளில் அங்கே என்ன நடந்தது?

தேதியும் படைப்பிரிவும் கிடைத்தால் இதுவும் சாத்தியம். முதல் போரின் படைப்பிரிவு நாட்குறிப்புகள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இருக்கின்றன. அதிகாரி காயப்பட்டால் பெயர் எழுதுவார்கள், சிப்பாய் இறந்தால் "ஒருவர்" என்று எழுதுவார்கள். ஆனால் அன்று மழையா, பாலம் போட்டார்களா, முகாமில் காய்ச்சல் பரவியிருந்ததா என்பது தெரியும். அந்த "ஒருவர்" யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

8. கல் வைப்பது

தொல்காப்பியத்திலேயே இதற்கு ஆறு கட்டம் சொல்லியிருக்கிறது: கல்லைத் தேர்ந்து காணுதல், கொண்டுவருதல், நீராட்டுதல், நடுதல், படையல், வாழ்த்து. ஆறையும் இன்றும் அப்படியே செய்யலாம். நடுவே அரசு அனுமதி என்று ஏழாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சொந்த நிலத்தில் வைப்பதே எனக்குப் பிடித்தது. பொது இடம் என்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பியுங்கள். சாலையோரம் கேட்காதீர்கள், கிடைக்காது. பள்ளிக்கூடச் சுவரில் ஒரு கல்வெட்டு எளிது. பிள்ளைகள் தினம் பார்ப்பார்கள்.

என்ன எழுதுவது? வீட்டில் கூப்பிட்ட பெயர், தமிழில். அப்பா பெயரோடு அம்மா பெயரும். ஊர். படை எண், படைப்பிரிவு, செய்த வேலை. இறந்த தேதி, வயது, இடம். எந்த நாட்டு நினைவிடத்தில் பெயர் இருக்கிறது என்பது. இதோடு நிறுத்தினால் நல்லது. சமையல்காரராகப் போனவரைச் 'சமையற்காரர்' என்றே போடுங்கள். காய்ச்சலில் இறந்தவரைக் 'களத்தில் எதிரிகளைப் பந்தாடி' என்று எழுதினால், அவர் வாழ்ந்த வாழ்க்கையை அழித்துவிட்டு வேறு யாரோ ஒருவருக்குக் கல் வைக்கிறீர்கள். சாதிப் பெயர் வேண்டாம். கட்சிக் கொடியின் நிறமும், நன்கொடையாளர் பெயர்ப் பட்டியலும் வேண்டாம். அந்தப் பட்டியல் எப்படியோ சிப்பாய் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வந்துவிடும்.

படம் இல்லையென்றால் இல்லை. யாரோ ஒரு சிப்பாயின் பழைய படத்தைப் போடுவதும், கணினியை வைத்து ஒரு முகம் உண்டாக்குவதும் கூடாது. இரண்டு தலைமுறை போனால் அதுதான் அவர் முகம் என்று ஆகிவிடும்.

கிரானைட்டில் இயந்திரம் செதுக்குவதைவிடக் கருங்கல்லில் உளியால் ஆழமாக வெட்டிய எழுத்து நீண்ட காலம் நிற்கும். வெட்டுமுன் கல் தச்சர் எழுத்தைக் கல்லில் வரைந்து காட்டுவார். அந்த நேரம் நீங்களே போய் ஒவ்வோர் எழுத்தாக, முக்கியமாக எண்களையும் ஒற்றெழுத்துகளையும், தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் படம் அனுப்பச் சொல்லி 'ஓகே' போடும் இடம் இதுவல்ல.

9. எந்த நாள், என்ன செய்வது

அவர் இறந்த தேதியே சிறந்தது. தேதி கிடைக்காவிட்டால் முதல் உலகப் போர் நின்ற நவம்பர் 11 அல்லது படைவீரர் கொடி நாளான டிசம்பர் 7. 1949 முதல் கொடி நாள் அனுசரிக்கிறோம். பள்ளிகளில் அன்று உண்டியல் குலுக்குவதோடு சரி. அந்த நாளில் ஊர்ப் பையன் ஒருவனின் கதையைப் பிள்ளைகள் வாசித்தால் கொடிக்கு ஓர் ஆள் கிடைப்பார். வீட்டு வழக்கப்படி படையல் போடுங்கள். மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் அவரவர் விருப்பம். என்னைக் கேட்டால் வேண்டாம்.

1947க்குப் பின் இறந்தவர் என்றால்

இது எளிது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர் கருங்கல்லில் தங்க எழுத்தில் இருக்கிறது. 1962, 1965, 1971, கார்கில் எல்லாம் அடக்கம். இங்கே சிக்கல் வேறு. மனைவி, பெற்றோர், தம்பி தங்கைகள் உயிரோடு இருப்பார்கள். ஆகவே அவர்களைக் கேட்காமல் பேனர் அடிக்காதீர்கள். முதல் வருஷம் எல்லாரும் வருவார்கள், ஐந்தாம் வருஷம் யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் பல வீட்டு அனுபவம். விழா எடுப்பதற்கு முன் அந்தம்மாவுக்கு நிலுவைப் பென்ஷன், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை எதுவும் பாக்கி இருக்கிறதா என்று விசாரித்து, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூடப் போய் வாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. நீங்கள் கண்டுபிடித்ததை எல்லாம் ஒரே கோப்பாக்கி மூன்று படி எடுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு, ஒன்று படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு. ஆணையத்தின் பதிவில் ஊர்ப் பெயரோ அப்பா பெயரோ தவறாக இருந்தால் ஆதாரத்தோடு எழுதுங்கள், திருத்துகிறார்கள். தாளின் தலைப்பில் தேடிய ஏழெட்டு எழுத்து வடிவங்களையும் எழுதி வையுங்கள். அடுத்து அதே தெருவிலிருந்து தேடப்போகிறவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.